ட்ரையல் வண்டிக்குத் தீர்த்தம்

சேசு மரி சூசை துணை

விளாங்குடி, மதுரை.
14.6.2005, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆலன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்கா ஆனிமேரியைக் கைப்பிடித்த ஒரே காரணத்தால் தங்கள் அறிவுரைகளையும் சேர்த்துச் சுமந்து வருகிற சவரியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்தவன் குடும்பத்தில் கொள்ளியைச் செருகிவிட்டு அம்பத்தூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன் சுகமாகத்தான் இருப்பான். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய் (மரியாதை இதற்கு மேல் வரவில்லை, மன்னித்துக்கொள்). நான் ரிசீவரைத் தொட்டாலே, "யாருக்குங்க, ஆலனுக்கா? குடுங்க, நான் ரெண்டு வார்த்த பேசிட்டுத் தாரேன்" என்று உன் அக்கா வாங்கிக்கொள்கிறாள். பேசிவிட்டு வைத்தும் விடுகிறாள். ஆகவே தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, விரலெல்லாம் பசையாக, இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கோபம், வயது இல்லை.

நீ செய்து வைத்திருக்கும் காரியம் என்ன என்று உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்தே வருகிறேன். நம் பழைய கார் ஆரப்பாளையம் திருப்பத்தில் நடுரோட்டில் உயிரை விட்டது உனக்குத் தெரியும். இனி வாங்குவது உயரமான வண்டியாக இருக்கட்டும், நம் ரோட்டுப் பள்ளத்துக்கு அதுதான் தாங்கும் என்று மஸ்கட்டிலிருந்து மருமகன் சொன்னார். சரி என்றேன். உயரமான வண்டியில் இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று பெரியது, மூன்று வரிசை சீட்டு, ஒரு கல்யாணக் கோஷ்டியே போகலாம். இன்னொன்று நடுத்தரம், இரண்டு வரிசை, ஐந்து பேர். நமக்கு வண்டி எதற்கு? ஊர் சுற்றவா? மகள் டயானா திருநகரில் டீச்சர், அவள் பிள்ளைகள் இரண்டும் அதே பள்ளிக்கூடம். என் அண்ணன் சூசைமாணிக்கத்துக்கு முழங்கால் வைத்தியம் பழங்காநத்தத்தில். ஊருக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தினமும் போய்வர ஒரு வண்டி, அவ்வளவுதான். ஓட்ட நான், முன்னால் காலை நீட்டிக்கொள்ள அண்ணன், பின்னால் டயானாவும் பிள்ளைகளும். ஐந்து ஆள், ஐந்து சீட்டு. இதில் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது?

'அக்கா எங்கே?' என்று இந்த இடத்தில் குறுக்கே விழுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. உன் அக்காவுக்குப் பஸ்தான் பிடிக்கும். பழைய காரிலும் அப்படித்தானே நடந்தது! நாங்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும், "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வாரேன்" என்று அவளே சொல்லிவிடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வரும், நாலு சனத்தோடு பேசிக்கொண்டு போகலாம் என்று காரணமும் அவளே சொல்வாள். அனுசரித்துப் போகிற சுபாவம். பல தடவை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து கோயில் வாசலில் நின்றிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் இந்த வண்டி விஷயத்தில் மட்டும் "பெருசு எடுங்க" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏன் என்றால், "சின்னது எடுத்தீங்கன்னா நான் அதுல ஏறவே மாட்டேன், பாத்துக்கங்க" என்கிறாள். எப்போதும் பஸ்ஸில் வருகிறவள் காரில் ஏற மாட்டேன் என்று மிரட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அன்றிலிருந்து என் காப்பியை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "காப்பி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன், எதையும் அளந்து பார்ப்பவன். கொல்லையில் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து, நம் வீட்டுக் கேட்டின் இரண்டு தூணுக்கும் இடையே பிடித்து, இருக்கிற அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றோடு பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்குப் போனேன். அங்கே மருது என்று ஒரு சேல்ஸ்மேன். நான் வண்டிக்கு முன்னால் குத்தவைத்துக் கயிறு பிடிப்பதைப் பார்த்து, "என்னண்ணே, வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்றான். சிரிக்கட்டும். நடுத்தர வண்டி முடிச்சுக்குள் ஒரு சாண் மிச்சமாக அடங்கியது. பெரிய வண்டி கண்ணாடிக் காதுகளை மடக்கியும் அடங்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது. மறுவாரம் போய்ச் சின்னதைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன், உன் அக்காவும் கொஞ்ச நாள் சுவரோடு பேசிவிட்டு வழிக்கு வந்திருப்பாள். அப்போதுதான் மகாப்பிரபு நீ போன் பண்ணினாய்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுக்க முடியாது. "அத்தான், கயிற வச்சு அளந்தா வண்டி தெரியுமா? ஒரு ஞாயித்துக்கிழம பெருச ட்ரையலுக்கு வாங்கி, வீட்டோட கோயிலுக்குப் போயிட்டு வாங்க. எல்லாரும் ஏறணும், அக்காவும். அப்பறமா எதுன்னு சொல்லுங்க." இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி? உன் வாழ்க்கையில் நீ ஓட்டியது ஒரு சைக்கிள், அதுவும் செயின் கழன்றது. ஆனாலும் பின்னால் நின்று உன் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். ஒரே ஒரு ஞாயிறு, ஒழியட்டும் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் என் தலையை நானே முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மருது பெரிய வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கேட்டுக்குள் போகாது என்று நான்தான் முன்பே சொன்னேனே, ஆகவே தெருவில் நின்றது. பின் கண்ணாடியில், 'ஓட்டிப் பாருங்கள், வாங்கிச் செல்லுங்கள்' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். இரவல் வண்டியில் பூசைக்குப் போவதா என்று டயானாவுக்குக் கூச்சம். காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முன் கண்ணாடிக்கு மேல் உன் அக்காவின் வேளாங்கண்ணி செபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. "எதுக்கு இது? சாயந்தரம் திருப்பிக் குடுக்குற வண்டி" என்றேன். "போற வழிக்குப் பாதுகாப்புங்க. உங்க ஓட்டுக்கு ஒண்ணு பத்தாது" என்றாள். ஆலன், சனியன் அந்தச் செபமாலையில்தான் வந்து உட்கார்ந்தது (மாதா மன்னிக்கட்டும், சொன்ன நான்தான் பாவி).

வண்டியைத் தெருவிலிருந்து வெளியே எடுப்பதற்குள் ட்ரான்ஸ்பார்மர் கம்பத்தை ஒரு பக்கமும் எதிர்வீட்டுக் கோலத்தை ஒரு பக்கமும் சமாளித்து என் பனியன் நனைந்துவிட்டது. முக்கில் கீரைக்கார அழகம்மாள் கூடையோடு நின்று, "ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா! என்னையும் மார்க்கெட்டு முக்குல எறக்கி விட்டுருங்க சாரு" என்று பதிலுக்குக் காத்திராமல் பின் வரிசையில் ஏறிக்கொண்டது. மருதுவின் புது சீட்டில் அரைக்கீரைத் தண்ணி சொட்டுகிறது. அண்ணன் முன்னால் உட்கார்ந்து, பிரேக் எங்கே என்று எனக்கே காட்டிக்கொடுக்கிறார். உன் அக்கா நடு வரிசையில் ஜன்னலோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பல வாரம் கழித்து என்னைப் பார்த்து வேறு சிரித்தாள். ஓ, பவிசு காட்டத்தான் இந்த ஆட்டமெல்லாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் கோயில் வழக்கம் நீ மறந்திருந்தால் சொல்கிறேன். யார் புது வண்டி வாங்கினாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா குகைக் கெபிக்கு முன்னால் நிறுத்துவார்கள், பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்று மரத்தடி எல்லாம் பைக்காக இருக்க, இந்தப் பூதத்தை நிறுத்த எனக்குக் கிடைத்த ஒரே இடம் கெபிக்கு முன்னால்தான். பூசை முடிந்து நான் பாட்டுக்குழு ஆட்களோடு பேசிக்கொண்டு நிற்கிறேன். வெளியே கைதட்டல் கேட்கிறது. யாருக்கோ என்று நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். போய்ப் பார்த்தால் என் வண்டி, அதாவது மருதுவின் வண்டி, கழுத்தில் மாலையோடு நிற்கிறது! சாமியார் அங்கிகூடக் கழற்றாமல் வந்து, செபமாலையைப் பார்த்து, பானெட்டுக்கு, சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, அழகம்மாள் சிந்திவிட்டுப் போன அரைக்கீரைக்கு எல்லாம் தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டார். முன்பக்கமாக வந்த மனுஷர் பின்னால் போய் அந்த ஸ்டிக்கரைப் படித்திருக்கக் கூடாதா? போதாததற்கு மைக்கில் வேறு: "சவரியப்பன் குடும்பத்துக்கு ஆண்டவர் பெரிய வாகனம் தந்திருக்கிறார். நடக்க முடியாத வயதானவர்களை இனி ஞாயிறுதோறும் இதில் கூட்டிவருவதாக ஆனிமேரி சொல்லியிருக்கிறார்." மறுபடி கைதட்டல். இந்தத் தடவை நான் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்: "ட்ரையல் வண்டின்னு சாமிகிட்ட ஏன் சொல்லல?" அதற்கு உன் அக்கா சொன்ன பதில்: "சாமி கேக்கலையே." சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திரு இருதயப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எடுக்க எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை சாமியாரைப் பார்க்கப் போனேன். "தோத்திரம் சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு, அது நம்ம வண்டியே இல்ல, திருப்பிக் குடுக்கணும்" என்றேன். அவர் மோர் குடித்துக்கொண்டே யோசித்தார். "வண்டியத் தாராளமாத் திருப்பிக் குடுங்க சவரியப்பன். வயசானவங்களக் கூட்டியாறேன்னு சொன்னத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?" என்றார். நானா சொன்னேன்? அங்கிருந்து மருதுவைக் கூப்பிட்டு, "வண்டிய எடுத்துட்டுப் போப்பா" என்றால் அவன் மாலையையும் செபமாலையையும் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போகிறான். "அண்ணே, ஒரு சாமிக்கு ஒப்படைச்ச பொருள நான் கொண்டுபோயி வேற ஆளுக்கு ஓட்டிக் காட்டுறதா? நான் மாட்டேன்ண்ணே." "நீ என்ன வேதக்காரனா?" "எந்தச் சாமியா இருந்தா என்னண்ணே, குத்தம் குத்தந்தான்." இது பக்தியா, வியாபாரமா என்று எனக்குச் சந்தேகம். போகும்போது, "கொஞ்ச நாள் வாசல்ல நின்ன வண்டி திரும்பி வராதுன்னு எங்க மேனேஜரும் சொல்லுவாருண்ணே" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

வண்டி இன்னும் தெருவில் நிற்கிறது. இன்று காலை தண்ணி லாரி அதைத் தாண்டி வர முடியாமல் முக்கிலேயே நின்றுவிட்டது. தெரு முழுக்கக் குடத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைப் பேசாத பேச்சில்லை. அழகம்மாள்கூட, அதுவும் ஓசியில் ஏறிய அழகம்மாள், "வீட்டுக்குள்ள நொழையாத வண்டிய எதுக்கு சாரு வாங்குனீக?" என்று கேட்கிறது. நான் வாங்கவில்லை, வாங்கவில்லை, வாங்கவில்லை என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஊரில் எனக்கு இருந்த மரியாதை அந்தக் குடங்களோடு போயிற்று.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தீ வைத்தவனே தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும் உன் அக்காவுக்குப் போன் பண்ணி, 'தினப்படி ஓட்டத்துக்கு நடுத்தர வண்டிதான் சரி, அத்தான் அளந்தது சரி, நான் சொன்னது மடத்தனம்' என்று இதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். நாளை மருது சின்ன வண்டியைக் கொண்டுவருகிறான், அதில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்து அப்படியே முடித்துவிடுகிறேன். ஐந்து பேருக்கு ஐந்து சீட்டு என்பது எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். சொல்லத் தவறினால், வருகிற கிறிஸ்துமஸுக்கு நீ மதுரைக்கு வர வேண்டாம். வந்தால் அந்தப் பெரிய வண்டியிலேயே படுத்துக்கொள், இடம் நிறைய இருக்கிறது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் முத்தங்களும். உனக்குத் தேவதாயின் ஆசீர் மட்டும், என்னுடையது இப்போதைக்கு இல்லை. சேசுவின் திரு இருதயம் உனக்கு நல்ல புத்தியும் எனக்குப் பொறுமையும் தருவதாக.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் உன் அத்தான்,
சவரியப்பன்

பின்குறிப்பு (புதன் இரவு): தபால்தலை தீர்ந்துவிட்டது என்று நேற்று ஆபீஸில் சொன்னதால் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. அதற்குள் நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன்.

இன்று சாயங்காலம் டவுனில் நவநாள் செபம். மருது சின்ன வண்டியைக் கொண்டுவந்தான். கேட்டுக்குள் வெண்ணெய் போல வந்து நின்றது. அண்ணன் முன்னால் ஏறினார், டயானாவும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். சாவியைத் திருகினேன். "எல்லாரும் ஏறியாச்சாண்ணே?" என்று மருது கேட்டான். ஏறியாச்சு என்றார் அண்ணன். ஏறியாச்சு என்றாள் டயானா. ஏறியாச்சு என்றேன் நான். கேட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு உன் அக்காவும், "ஏறியாச்சு, கதவச் சாத்துங்க" என்றாள்.

தெருவில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். குடையை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குச் சில்லறையை உள்ளங்கையில் எண்ணிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமே, அதற்கு. எனக்கு வந்த கோபம் இந்தக் கடிதம் முழுக்க இருக்கிற கோபத்தை விடப் பெரிது. யார்மேல் என்று கேட்காதே. ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அதற்குள் பஸ் வந்து, அவள் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன். அண்ணனும் பிள்ளைகளும் ஓட்ட ஆளில்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரக் காற்று என்று சொன்னாளே, அந்தப் பஸ்ஸில் ஜன்னலே கண்ணுக்குத் தெரியவில்லை ஆலன். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். "பஸ்ஸுதான் பிடிக்கும்னு எதுக்குடி பொய் சொன்ன?" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "பிடிக்கலன்னு சொன்னா யாரு எறங்கியிருப்பா? உங்க அண்ணனா? புள்ளைகளா? பெரிய வண்டி மேல எனக்கு என்னங்க ஆசை? எல்லாரும் ஏறுனப்பறம் எனக்கும் ஒரு எடம் மிச்சம் இருக்கணும். அதுக்கு எம்புட்டுப் பெருசு வேணுமோ அம்புட்டுப் பெருசு எடுங்க, அம்புட்டுத்தான்!" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "பெரியவரே, சண்டைய அப்பறம் போடுங்க, டிக்கெட்ட எடுங்க" என்றான் கண்டக்டர். அவனையும் பிடித்து ஏறு ஏறு என்று ஏறிவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

ஆகவே மேலே எழுதியிருப்பதை எல்லாம் கிழித்துப் போடு. உன் அக்காவுக்குப் போன் பண்ணி எதையும் சொல்லித் தொலைக்காதே. சின்ன வண்டியை மருது எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக் காலை கேட்டுத் தூணை இடிக்கக் கொத்தனார் வருகிறார். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. 'எல்லாரும் ஏறணும், அக்காவும்' என்றாயே, ஏன் என்று அன்றே போனில் உடைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு இந்த அவமானம் எல்லாம் உண்டா? அந்த வகையில் உன்மேல் கோபம் கூடித்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்து சேர். ஒன்று மட்டும் இந்த வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்: இனிமேல் 'எல்லாரும் ஏறியாச்சு' என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நானே இறங்கி வந்து, உன் அக்கா உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.